கோபிப் பக்கம் வீட்டுக்கு வரும் நர்சிங் சேவை
அண்ணனுக்கு மறதி நோய் வந்தது 57 வயதில், 65-க்கு முன்னால் வந்தால் அதை இளவயது டிமென்ஷியா என்கிறார்கள். ஏழு வருடம் கழித்துப் படுக்கையில் விழுந்த பிறகுதான் இந்தச் சேவையைப் பிடித்தோம். வருகிற அக்கா தங்கமான ஆளுங்க. விழுங்கத் தடுமாறுகிறவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ராகிக் கூழைச் சின்னக் கரண்டியில், "இன்னொரு வாய் சாமி" என்று முக்கால் மணி நேரம் ஊட்டுவார், ஏனென்றால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா, இந்த நோயில் கடைசியில் பல பேரின் உயிரை எடுப்பதே அதுதான். இந்தச் சேவையின் ஆபீஸ்காரரோ மூக்கில் குழாய் போட்டால் ஆயுள் கூடும் என்று நச்சரித்தார். முற்றிய நிலையில் அப்படி ஆதாரம் இல்லை, கையால் ஊட்டுங்கள் என்றார் நரம்பியல் டாக்டர். அப்புறம், ராத்திரி அந்த ஆபீசுக்குப் போன் போட்டால் எடுப்பதே இல்லை. முன்பணம் மட்டும் ஒன்றாம் தேதி காலையிலேயே கேட்பார்கள்.