டைகர் மோத்துக்குக் கம்பி கட்டச் செவ்வாய்ப்பேட்டை போதும்

இரட்டை இறக்கை விமான மாடல் வாங்குகிறவர்கள் பலர் உடம்பை ஒட்டி, கீழ் இறக்கையைப் பூட்டும் வரை நன்றாகத்தான் போவார்கள். அப்புறம் இரண்டு இறக்கைக்கும் நடுவே கம்பி கட்டும் கட்டம் வந்ததும் பெட்டியை மூடி பீரோ மேல் ஏற்றிவிடுவார்கள். சேலத்துக்காரர்களுக்கு அந்தப் பயமே வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த வேலைக்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறைக்காரர்கள் வாங்குகிற கடையிலேயே கிடைக்கின்றன.

நான் பட்டறை வீட்டு மருமகள். பட்டறைக் கணக்கு என் பொறுப்பு. மாலையில் மாடல் செய்கிறேன். இந்த முறை மேஜையில் இருந்தது ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/48 (அசலில் 48-ல் ஒரு பங்கு) டைகர் மோத், பிரிட்டிஷ் பயிற்சி விமானம். அசல் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 8.94 மீட்டர், மாடலில் அது 18.6 சென்டிமீட்டர். உள்ளங்கையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், கம்பி கட்ட விரல் நுழையும். முதல் இரட்டை இறக்கை மாடலுக்கு டைகர் மோத்தைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை. இரண்டு இறக்கைக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரே ஒரு ஜோடி வெளித்தூண்தான். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கிற அசையும் மடல், அதாவது எய்லரான், கீழ் இறக்கையில் மட்டும்தான் இருக்கிறது, அதனால் மேலேயும் கீழேயும் இணைக்கிற கேபிள் கிடையாது. கட்ட வேண்டிய கம்பிகள் குறைவு. இருப்பவை ஒவ்வொன்றும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கின்றன.

கண்ணில் படுவதால்தான் கம்பி சரியாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறேன். இந்த விமானத்தில் கம்பி அலங்காரம் கிடையாது, இறக்கையைத் தாங்குவதே அதுதான். பறக்கும்போது இறக்கை மேலே வளையப் பார்க்கும். உடம்பின் அடியிலிருந்து மேல் இறக்கையின் வெளித்தூண் உச்சிக்குப் போகும் ஃப்ளையிங் வயர் அதைப் பிடித்து இழுக்கும். தரையில் நிற்கும்போது இறக்கையின் எடை கீழே தொங்கப் பார்க்கும். நடுத்தூணின் மேலிருந்து கீழ் இறக்கைக்கு வரும் லேண்டிங் வயர் அதைத் தாங்கும். இரண்டில் ஒன்று மாடலில் தொய்ந்து கிடந்தால், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ தப்பு என்று மனசுக்குப் பட்டுவிடும்.

இன்னொரு விஷயம். அசல் கம்பி உருண்டை கிடையாது. காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக எஃகுக் கம்பியை உருட்டி, குறுக்கே வெட்டினால் லென்ஸ் வடிவில் தெரிகிற மாதிரித் தட்டையாக்கி இருப்பார்கள். ஆங்கிலேயர்கள் இதை ஆர்.ஏ.எஃப். வயர் என்பார்கள். ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரியிலிருந்து வந்த பெயர். நூலோ மீன்பிடி நரம்போ கட்டினால் உருண்டையாகத் தெரியும். நூலில் பஞ்சு வேறு நிற்கும். இழுவை நூல் சுலபம்தான், யார் கை பட்டாலும் அறுபடாது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெயில் படுகிறபோது அசல் கம்பி பளிச்சென்று ஒரு கோடாக மின்னுமே, அது நூலில் வராது.

வெள்ளியில் வரும். செவ்வாய்ப்பேட்டையில் இருந்துகொண்டு வெள்ளிக் கம்பி தேடி அலைய வேண்டியதில்லை. கடையில் வழக்கமாகக் கொடுக்கிற மெல்லிய கம்பியையே கம்பி இழுக்கிற அச்சில் இன்னும் சில கண் இறக்கி, மேலும் சன்னமாகக் கேட்டேன். கடைக்காரர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்து, “அக்கா, இவ்வளவு சன்னமா இழுத்தா கொலுசுக்கு ஆகாதே, எதுக்கு?” என்றார். ஃபோனில் படத்தைக் காட்டினேன். உள்ளே போய்த் தம்பியிடம் சொல்லிவிட்டு வந்து, “சாயங்காலம் வாங்கிக்கங்க” என்றார். 0.12 மில்லிமீட்டர் கேட்டேன். 6 மி.மீ. அகலக் கம்பியை 48-ஆல் வகுத்தால் 0.125 வரும், அந்தக் கணக்குத்தான். வெள்ளி என்றதும் விலையை நினைத்துப் பயப்படாதீர்கள். இந்தத் தடிமனில் 3 மீட்டர் கம்பி அரை கிராம்கூட நிற்காது. விமானம் முழுக்கக் கட்டினாலும் மிச்சம் இருக்கும். கூலிதான் கொஞ்சம், அதுவும் நியாயமாகத்தான் வாங்கினார்.

வாங்கிய கம்பி துவண்டு இருக்கும், கை பட்ட இடமெல்லாம் நெளியும். ஒரு முனையை வைஸில் கடித்து, மறுமுனையைக் குறட்டால் பிடித்து மெதுவாக இழுங்கள். ஓர் இடத்தில் சற்றே ‘விட்டுக்கொடுக்கிற’ மாதிரி கைக்குத் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இப்போது கம்பி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நிமிர்ந்து, விறைப்பும் ஏறியிருக்கும். எங்கள் பட்டறையில் தகடு இழுக்கிற ரோலர் இருப்பதால் ஒருமுறை அதில் விட்டுத் தட்டையாக்கிக்கொண்டேன். ரோலர் இல்லாதவர்கள் பட்டறை வைத்திருக்கிற யாரையாவது கேட்டால் ஒரு நிமிஷ வேலை, மறுக்க மாட்டார்கள். 1/72 அளவில் செய்கிறவர்களுக்கு இது தேவையே இல்லை, அங்கே தட்டையும் உருண்டையும் ஒன்றுதான்.

சரி, கடைக்கு வருகிறேன். லீ பஜார் லாரிகளுக்கு நடுவில் புகுந்து போக வேண்டும், வண்டி நிறுத்த இடம் இருக்காது, நடந்து போவது உத்தமம். கடை அகலம் ஒரு ஆள் கை விரித்தால் முடிந்துவிடும். ஆனால் சுவரில் தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன டிராயர்கள். அவர் பார்க்காமலேயே கை வைத்து எடுக்கிறார்.

மாடல்காரர்களுக்கு அங்கே முதல் சாமான் கையால் சுழற்றுகிற துளைக்கருவி, அதாவது பின் வைஸ். மாடல் சாமான் என்ற பெயரில் தபாலில் வருகிறதற்கு நான் கொடுத்த விலையில் கால்வாசிகூட இங்கே ஆகவில்லை. பித்தளைத் தலை, உள்ளங்கையில் அழுந்தாமல் சுழலும். பிட்டு 0.3, 0.4, 0.5 எல்லாம் ஒற்றையாகவே கொடுப்பார்கள். பிளாஸ்டிக்கில் மோட்டார் வைத்துத் துளைக்காதீர்கள், சூட்டில் உருகிப் பிட்டைக் கவ்விக்கொள்ளும். கையால் நாலு சுற்று, எடுத்துத் துகளைத் தட்டி, மறுபடி நாலு சுற்று. இறக்கை மெல்லியது என்பதால் மறுபக்கம் வந்துவிடாமல் பிட்டில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சாமணம், அதாவது ட்வீசர். இதில்தான் இந்தக் கடை என் மனசில் இடம்பிடித்தது. மணி கோக்கிறவர்கள் பிடிக்கிற சாமணம், இரண்டு முனையும் மயிரிழை பிசகாமல் சேர்கிறது. வாங்குவதற்கு முன் ஒரு முடியை எடுத்துக் கொடுத்து “பிடிச்சுப் பாருங்க” என்கிறார்கள். பிடித்து இழுத்தால் நழுவாமல் வரும் சாமணத்தைத்தான் தருகிறார்கள். அந்தச் சாமணத்தால் 0.12 கம்பியைத் துளைக்குள் இறக்கும்போது முனை எங்கே இருக்கிறது என்பது விரலுக்கே தெரிகிறது. கம்பியை நசுக்குவதில்லை, விடும்போது ஒட்டிக்கொண்டு கூடவே வருவதும் இல்லை.

ஊசி அரம் வகைக்கு ஒன்று வாங்கலாம். பாகங்கள் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிய தூணின் தழும்பை எடுக்கத் தட்டை அரம், எக்ஸாஸ்ட் குழாயின் வாயைக் குடைய எலிவால் அரம். என் மாமனார் முதலிலேயே சொல்லிவிட்டார்: “உன் அரத்தைத் தனியா வெச்சுக்கம்மா, வெள்ளித் தூளோட பிளாஸ்டிக் கலந்தா உருக்கும்போது வம்பு.” பட்டறைப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் அதே யோசனைதான். வாட்டர் பேப்பர் 400-லிருந்து 2000 வரை ஒற்றைத் தாளாகக் கிடைக்கிறது. தேன்மெழுகு ஒரு கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பல்குத்தும் குச்சி முனையில் துளி மெழுகு வைத்தால் விமானியின் முன்னால் நிற்கிற குட்டிக் கண்ணாடித் தடுப்பைக் கீறல் இல்லாமல் தூக்கி வைக்கலாம்.

கவராயமும் அவசியம். டைகர் மோத்தின் இறக்கை பின்னால் சாய்ந்திருக்கும். முன் இருக்கையில் பயிற்சியாளர் உட்காருவார். அவர் பாராசூட்டோடு வெளியே குதிக்கத் தூண்களும் மேலே இருக்கிற பெட்ரோல் டாங்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். தள்ளியதில் எடைச் சமநிலை கெடாமல் இருக்க இறக்கையைப் பின்னால் சாய்த்தார்கள். 1931-ல் பறந்த முதல் விமானத்திலிருந்தே இந்தச் சாய்வு இருக்கிறது. அதனால் கம்பியின் நீளத்தைப் படத்தில் அளந்து வெட்டினால் எல்லாம் குட்டையாகப் போகும், ஏனென்றால் படம் தட்டை, இறக்கையோ மூன்று திசையிலும் சாய்கிறது. கவராயத்தின் ஒரு காலை ஒரு துளையிலும் மறுகாலை அடுத்த துளையிலும் வைத்து, மாடலிலேயே அளந்து, கண்ணாடி மேல் வைத்து பிளேடால் வெட்டினால் ஒரே தடவையில் உட்காரும். இழுத்துக் கட்டாததால் இறக்கை முறுக்கிக்கொள்கிற பேச்சே இல்லை. இரண்டு முனையிலும் ஊசி முனையளவு வெள்ளைக் கோந்து போதும். கடையில் சூப்பர் குளூவும் விற்கிறார்கள், கண்ணாடித் துண்டுகள் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள், ஆவி பட்டுப் பனி படிந்த மாதிரி வெளுத்துவிடும்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். பெரிய குறை பிட்டு. 0.3 என்று எழுதிய டிராயரிலிருந்து எடுத்ததை வெர்னியரில் வைத்தால் சிலது 0.35 தாண்டுகிறது. கொலுசு வேலைக்கு அந்த வித்தியாசம் ஒன்றுமில்லை, 1/48 இறக்கைக்கு அது பெரிசு. கார்பைடு பிட்டைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கை சற்றுச் சாய்ந்தாலே உடைகிறது. சாதா எஃகு பிட்டே பிளாஸ்டிக்குக்கு நல்லது. மாத்திக் கொடுக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் மாற்றுகிறார்கள், ஆனால் ரசீது கேட்டால்தான் எழுதுகிறார்கள். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடியும் எனக்குத் திருப்தி இல்லை. பட்டை தளர்ந்து மூக்குக்கு வந்துவிடுகிறது.

பிளாஸ்டிக் சிமெண்ட், பெயிண்ட், டீகால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற அடையாளப் படம்) திரவம் எதுவும் அங்கே கிடையாது, அவற்றைத் தபாலில்தான் வரவழைக்க வேண்டும். பெயிண்ட் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை மட்டும். இரண்டாம் உலகப் போர்க்காலப் பயிற்சி விமானம் செய்தால் அடிப்பக்கம் மஞ்சள், ஹம்ப்ரால் பெயிண்டில் 24-ஆம் எண். சாம்பல் நிறத்தின் மேல் மஞ்சள் ஏறாது, அதற்கு வெள்ளை பிரைமர் வேண்டும். மேலே மண் நிறமும் பச்சையும். போரின் ஆரம்ப வருஷங்களில் இரட்டை இறக்கை விமானங்களில் கீழ் இறக்கையின் மேல்பக்கத்துக்கு அதே இரண்டு நிறங்களை ஒரு படி வெளுப்பாக அடித்தார்கள், மேல் இறக்கையின் நிழல் விழும் இடம் என்பதால். நிறைய பேர் இரண்டு இறக்கைக்கும் ஒரே நிறத்தை அடித்துவிடுகிறார்கள். வெளுத்த நிறத்தை அடித்துப் பாருங்கள், மாடலுக்கு ஆழம் வந்துவிடும். பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் போர்க்காலத்தில் நம் பையன்கள் பறக்கக் கற்றுக்கொண்டது டைகர் மோத்தில்தான். அதற்காகவாவது இதை ஒழுங்காக முடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

கோடையில் சேலத்தில் அக்ரிலிக் பெயிண்ட் ஏர்பிரஷ் மூக்கிலேயே காய்ந்துவிடும், காலை வெயில் ஏறுவதற்குள் அடித்து முடித்துவிடுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு நேர் எதிர்த் தொல்லை: மூடுபனி இறங்கும் நேரத்தில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் வெண்மை பூத்துவிடும். டீகாலை ஊறவைக்க போர்வெல் தண்ணீர் வேண்டாம். காய்ந்த பிறகு உப்பு வளையம் நிற்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் பல மாடலுக்கு வரும்.

வெள்ளிக் கம்பி கறுக்காதா என்று கேட்பீர்கள். கறுக்கும். கட்டுவதற்கு முன்பே கம்பியை வார்னிஷில் தோய்த்த பஞ்சால் ஒருமுறை உருவிவிடுங்கள், காற்று படாது. எனக்கு லேசாக மங்கினால்கூடப் பிடித்துத்தான் இருக்கிறது, பழைய எஃகுக் கம்பியின் நிறம் வந்துவிடுகிறது.

கடைக்குப் போவதென்றால் மதியத்துக்கு மேல் போங்கள். காலையில் பட்டறைக்காரர்கள் கூட்டம் மொய்க்கும், நின்று நிதானமாகச் சாமணம் பார்க்க விடமாட்டார்கள். சன்னக் கம்பி வேண்டுமானால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். பிட்டு வாங்கும்போது உங்கள் வெர்னியரைக் கையோடு எடுத்துப் போய் அங்கேயே அளந்து வாங்குங்கள், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.