சான் ரமோன் குன்றுகளில் 13 வருடம்

கலிபோர்னியாவின் சான் ரமோனில் நாங்கள் வீடு பார்க்கப் போனது 2012 மார்ச்சில். அதுவரை இருந்தது ஃப்ரீமான்ட்டில் ஓர் அடுக்ககம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் குப்பைத் தொட்டிகள்தான் தெரியும். அங்கிருந்து 680 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, பாலிஞ்சர் கேன்யன் சாலையில் கிழக்கே திரும்பினால் இரண்டு பக்கமும் நாற்றங்கால் பச்சையில் குன்றுகள். ஒன்றின் தோளில் இன்னொன்று சாய்ந்தபடி போய்க்கொண்டே இருந்தன. மேலே நாலைந்து மாடுகள். என் மனைவி அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்து பார்த்தது ஒரு சம்பிரதாயம்தான்.

ஜூனில் சாவி கைக்கு வந்தபோது குன்றுகள் வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்தன. தரகரைக் குறை சொல்ல முடியாது. கலிபோர்னியாவுக்கு வந்து ஐந்து வருடம் ஆன எங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா வந்தார். பொதிகையைப் பார்த்து வளர்ந்தவர். பின்வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏல, ஆடி மாசத்துல போய் மலை காயுமா?" என்றார். சாரல் காலத்தில் மலை காய்ந்து கிடப்பது அவர் கணக்கில் சேரவே இல்லை.

இங்கே மழை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். குன்றை மூடியிருக்கும் புல்லில் பெரும்பகுதி மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து ஐரோப்பியர்களோடும் அவர்கள் கால்நடைகளோடும் வந்த காட்டு ஓட்ஸ் வகையறா. மழையில் முளைத்து, விதை போட்டு, மே மாதத்தில் செத்துவிடும் ஓராண்டுப் பயிர். ஆண்டு முழுக்க உயிரோடு இருந்த மண்ணின் சொந்தப் புற்களை அது எப்போதோ ஓரங்கட்டிவிட்டது. வருடத்தில் ஏழு மாதம் பழுப்பு. இந்த ஊர்க்காரர்கள் அதைத் 'தங்க நிறம்' என்பார்கள். முதல் மூன்று வருடம் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இப்போது நானும் அப்படியே சொல்கிறேன். மாலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது அதற்கு வேறு பெயர் கிடைக்காது.

மண்ணைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். இது களிமண். குளிர்காலத்தில் தண்ணீர் குடித்து உப்பும், கோடையில் சுருங்கி விரல் நுழையும் அளவு வெடிக்கும். ஜனவரியில் எங்கள் வீட்டில் ஒரு கதவு இறுகும், ஆகஸ்டில் தானாகச் சரியாகும். அந்த ஆட்டத்தைத் தாங்கத்தான் புது வீடுகளின் அடித்தளக் கான்கிரீட்டுக்குள் எஃகு வடங்களை இழுத்து இறுக்கி வைத்திருக்கிறார்கள். 'தரையை வெட்டாதே, துளைக்காதே' என்று கார் நிறுத்தும் அறையின் சிமெண்டிலேயே அச்சடித்திருக்கும். வாங்கி ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தேன், அதுவும் துளைபோடும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு.

இன்னொன்று, நடந்து போனால்தான் புரியும். குன்றுகள் இயற்கையாகத் தெரிந்தாலும் வீடுகள் நிற்கும் தட்டுகள் எல்லாம் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் செய்தவை. சரிவுகளின் குறுக்கே சாம்பல் நிறத்தில் வாய்க்கால் கோடுகள் ஓடும். மழைநீர் சரிவை அரித்து மண்ணோடு இறங்கிவிடாமல் வழிநடத்தும் கான்கிரீட் வடிகால்கள் அவை. எங்கள் பக்கமான டாகர்ட்டி பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலம். சுமார் 11,000 வீடுகளுக்குத் திட்டம் போட்டுக் கட்டினார்கள். மீதிக் குன்றுகளைத் திறந்தவெளியாக விட்டார்கள். மாடுகள் இன்னும் மேய்கின்றன, அலங்காரத்துக்காக அல்ல. புல் குறைந்தால் தீ பரவுவது குறையும்.

ஊர் நகராட்சியானது 1983-இல்தான். அதற்கு முன் வால்நட் தோட்டங்கள், பண்ணைகள், அவற்றின் விளைச்சலை ஏற்றிப்போக 1891-இல் வந்த ஒரு ரயில் பாதை. 1978-இல் அந்தப் பாதை கைவிடப்பட்டு, இன்று அயர்ன் ஹார்ஸ் என்ற நடைபாதையாக இருக்கிறது. சமதரை, நீளம், சைக்கிளுக்கு அருமை. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 84,605. அதில் பாதிக்கு அருகில் ஆசியர்கள். எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, மாண்டரின், கொரியன் எல்லாம் காதில் விழும். சிவா விஷ்ணு கோயில் லிவர்மோரில், அரை மணி நேரத்துக்குள். இட்லிக்கும் கறிவேப்பிலைக்கும் பஞ்சமில்லை.

ஆனால் அந்தக் கறிவேப்பிலைக்குக் கார் எடுக்க வேண்டும். என் பெரிய குறை இதுதான். தெருவோரம் அகலமான நடைபாதை, நிழல் மரம், பூச்செடி எல்லாம் உண்டு. நடந்து போய்ச் சேர ஓர் இடம்தான் கிடையாது. ஒரு கொத்து மல்லித்தழைக்கு நான்கு சிக்னல். அம்மா தினமும் காலையில் நடந்தார். மூன்றாவது வாரம், "சுத்திச் சுத்தி வீட்டுக்கேதான் வருது" என்று நிறுத்திக்கொண்டார்.

வேலை எனக்கு சன்னிவேலில். காலை ஆறேகாலுக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரம்; ஏழரைக்குக் கிளம்பினால் சுனோல் மேட்டில் நின்று மற்றவர்கள் பல் துலக்குவதைப் பார்க்கலாம். டப்ளின் பார்ட் ரயில் நிலையத்துக்குப் பேருந்து உண்டு, சான்ஃபிரான்சிஸ்கோ போகிறவர்களுக்கு அது உதவும். தென்பக்கம் போகிறவர்களுக்குப் பயனில்லை. எட்டு வருடம் ஓட்டினேன். 2020-க்குப் பிறகு வாரம் இரண்டு நாள் ஆனது. அதன் பிறகுதான் இந்த ஊரில் வாழவே ஆரம்பித்தேன்.

உள்ளூரிலேயே வேலை இல்லாமல் இல்லை. பிஷப் ராஞ்ச் என்ற 585 ஏக்கர் அலுவலக வளாகம் ஊரின் நடுவில் இருக்கிறது. செவ்ரான் எண்ணெய் நிறுவனத்தின் தலைமையகமும் இங்கேதான் இருந்தது, ஹூஸ்டனுக்கு மாற்றப்போவதாக 2024-இல் அறிவித்தார்கள். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ வடிவமைத்த கடைவளாகம் 2018-இல் திறந்தது. நடுவில் ஒரு சதுக்கம், சுற்றிக் கடைகள், திரையரங்கு. ஞாயிறு மாலை அங்கே ஊரே உலவுகிறது. நடந்து போய்ச் சேர ஓர் இடம் எல்லோருக்கும் தேவைப்பட்டிருக்கிறது, அதற்கும் காரில் வந்து நிறுத்திவிட்டு நடக்கிறோம்.

2014 வறட்சியை மறக்க முடியாது. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றத் தடைகள். ப்ளெசன்டனில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில், மறுசுழற்சி செய்த நீரை வீட்டுக்காரர்கள் இலவசமாகப் பிடித்துப் போகலாம் என்றார்கள். சொகுசு கார்களின் பின்பக்கத்தில் பீப்பாய்களோடு வரிசை. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவன் நான். அந்த வரிசையில் நிம்மதியாக இருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

2015 அக்டோபரில் சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான குட்டி நிலநடுக்கங்கள். பக்கத்திலேயே கலவேரஸ் பிளவு ஓடுகிறது. பாதி உணரவே முடியாதவை, மீதி எவர்சில்வர் டம்ளர்களைக் கொஞ்சம் பேச வைத்தவை. 2019 அக்டோபரில் காய்ந்த காற்று வீசியபோது, கம்பி அறுந்து தீப்பிடிக்கக் கூடாதென்று மின் நிறுவனமே மலைப்பக்கங்களுக்கு மின்சாரத்தை நிறுத்தியது. மாவு புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜுக்குள் வழிந்தது. குன்றுக்குப் பக்கத்தில் வீடு என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள், வீட்டுக் காப்பீட்டுக்கு என்ன கட்டணம் என்பதை அதே எழுத்தளவில் போட்டால் நன்றாக இருக்கும்.

குடியிருப்போர் சங்கம் தனி அனுபவம். மார்கழிக் கோலத்துக்கு ஏதாவது சொல்வார்கள் என்று பயந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. குப்பைத் தொட்டி ஒரு நாள் கூடுதலாக வெளியே நின்றதற்குக் கடிதம் வந்தது.

சரி, பள்ளிகள். இங்கே வீடு வாங்குகிற நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான். பாடம் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், நூலகம், இசை, விளையாட்டு எதற்கும் குறையில்லை. ஆனால் ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி ஆசை கொண்ட பெற்றோர்கள் ஒரே பள்ளத்தாக்கில் கூடினால் என்ன நடக்குமோ அது நடக்கிறது. என் மகள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பி பிளஸ்ஸுக்காக ராத்திரி ஒரு மணிக்கு அழுதுகொண்டிருந்தாள். கணக்கில் மேல் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே எடுக்காதவள் தன் கூட்டத்தில் தான் ஒருத்திதான் என்றாள். அந்த அழுகைக்குப் பள்ளியை விட நாங்கள்தான் அதிகப் பொறுப்பு என்று இப்போது தோன்றுகிறது.

பணக் கணக்கில் ஒரு விநோதம். 1978-இல் வந்த 13-ஆம் முன்மொழிவுச் சட்டப்படி, வீட்டின் வரி மதிப்பு வாங்கிய விலையிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. சமீபத்தில் எதிர்வீட்டை வாங்கியவர் அதே அளவு வீட்டுக்கு எங்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரி கட்டுகிறார். அதனால் பிள்ளைகள் போன பிறகும் யாரும் விற்பதில்லை. முதல் வருடம் ஹாலோவீனுக்கு மிட்டாய் கேட்டு வீடுவீடாக வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தே இரண்டு பெரிய பை சாக்லேட் எட்டு மணிக்கே தீர்ந்தது. போன வருடம் ஒரு பையில் பாதி மீந்து நானே தின்று தீர்த்தேன்.

மகள் இந்த ஆகஸ்டில் கல்லூரிக்குப் போய்விட்டாள். வாங்கிய காரணம் முடிந்தது, குன்று மிச்சமிருக்கிறது. தினமும் மாலையில் ஏறுகிறேன். காட்டு வான்கோழிக் கூட்டம் சாலையைக் கடந்து காரைக் காத்திருக்க வைக்கும், இருட்டினால் கயோட்டி என்ற காட்டு நாயின் ஊளை, கோடையில் சாரைப்பாம்பு என்று நினைத்துக் கிட்டே போகக் கூடாத கிலுகிலுப்பைப் பாம்பு. 2023 பிப்ரவரியில் அம்மா மறுபடி வந்திருந்தார். டயாப்ளோ சிகரத்தில் பனி, கீழே எல்லாம் பச்சை. "இது மலை" என்றார். மே வருவதற்குள் ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டோம்.

வீடு பார்க்க வருகிறவர்கள் செப்டம்பரில், ஒரு வார நாள், மாலை ஐந்து மணிக்கு, சன்னிவேலிலிருந்து 680 வழியாக வாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் வாங்கலாம். கார் நிறுத்தும் அறையில் தரையைக் குனிந்து படித்துவிடுங்கள்.