ஸ்டாட்டிஸ்டிக்கல் மெக்கானிக்ஸ்க்கு (எக்கச்சக்கமான அணுக்களோட கூட்டு நடத்தைல இருந்து வெப்பத்தை விளக்குற பிசிக்ஸ்) முதல் புக் எது? ஷ்ரோடர் தான்
பிஎஸ்சி பிசிக்ஸ் படிக்கிறவங்க கண்ணை மூடிட்டு டேனியல் ஷ்ரோடரோட 'ஆன் இன்ட்ரொடக்‌ஷன் டு தெர்மல் பிசிக்ஸ்' வாங்கலாம். என்ட்ரோபின்னா ஒழுங்கின்மைன்னு ஒரே வரில சொல்லிட்டு போகாம மனுஷன் எண்ணியே காட்டுறாரு, ரெண்டு ஐன்ஸ்டைன் சாலிட் (அணுக்களை தனித்தனியா அதிர்ற ஆஸிலேட்டரா வச்சு பாக்குற எளிய திடப்பொருள் மாடல்), ஒவ்வொண்ணுலயும் 3 ஆஸிலேட்டர், மொத்தம் 6 யூனிட் எனர்ஜி, மைக்ரோஸ்டேட், அதாவது அந்த எனர்ஜி ஆஸிலேட்டர்களுக்குள்ள பிரியக்கூடிய விதங்கள், மொத்தம் 462 வருது, அதுல 100 எனர்ஜி சரிபாதியா பிரியுற நிலைக்கே போயிடுது, அப்புறம் ஆஸிலேட்டரை நூத்துக்கணக்குல ஏத்துனா சூடு ஏன் ஒரு பக்கமா மட்டும் ஓடுதுன்னு பளிச்சுனு தெரியும். டெம்பரேச்சருக்கான டெஃபனிஷனும் அங்கிருந்தே வருது, அவ்ளோ அழகு! கணக்கெல்லாம் அந்தந்த செக்‌ஷன் முடிவுலயே இருக்கு, போடாம தாண்டிடாதீங்க. என்ஜின், ஃபிரிட்ஜ் சாப்டர் சுமார் தான். என்செம்பிள் தியரி (ஒரு சிஸ்டம் இருக்கக்கூடிய எல்லா நிலைகளையும் சேர்த்து சராசரி எடுக்குற முறை) ஆழமா வேணும்னா இது பத்தாது, அடுத்து பேத்ரியாவோட 'ஸ்டாட்டிஸ்டிக்கல் மெக்கானிக்ஸ்' புக்குக்கு போயிடுங்க.