எட்டாத விரலுக்கு ஓர் அட்ஜஸ்டபிள் பிரேக் லிவர்

என் 150 சிசி பைக்கின் முன் டிஸ்க் பிரேக்குக்கு, கிரிப்பிலிருந்து உள்ள தூரத்தை ஆறு படியில் கூட்டிக் குறைக்கும் லிவர் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். விலை 650 ரூபாய். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் நான். செக்கானூரணி, உசிலம்பட்டி என்று தினமும் சுற்ற வேண்டும்.

வண்டியோடு வந்த லிவர் ஆம்பளைக் கைக்கு அளவெடுத்தது. எட்டிப் பிடிக்க நாலு விரலையும் கிரிப்பிலிருந்து எடுக்கணும். அப்போது மணிக்கட்டு உருண்டு ஆக்சிலேட்டர் லேசாகத் திறந்துகொள்ளும். நுனிவிரலில் இழுப்பதால் பிரேக் மொத்தமாகத்தான் பிடிக்கும், அளவாகப் பிடிக்காது.

இப்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் லிவர் மேல், மற்றவை கிரிப்பில். மதுரை காளவாசலில் கை காட்டியவருக்காக ஷேர் ஆட்டோ நடு ரோட்டில் நின்றால் முதலில் மெதுவாகத் தொடுகிறேன். ஃபோர்க் அமுங்கி வண்டியின் எடை முன் டயருக்கு வருகிறது. அப்புறம்தான் இறுக்குகிறேன். எடை வந்து சேருமுன் வெடுக்கென்று இழுத்தால் சக்கரம் லாக் ஆகிவிடும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து, சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். என்னுடையது அதற்கு முந்தையது. விரல்தான் ஏபிஎஸ்.

மிகக் கிட்டத்தில் வைத்துவிடாதீர்கள். அழுத்திப் பிடித்தால் லிவர் உள்ளே வந்து மோதிர விரலை கிரிப்போடு நசுக்கும். இரண்டு படி தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது. தள்ளி வைத்தும் கிரிப் வரை வந்தால் குறை லிவரில் இல்லை, ஆயில் லைனில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டியது பழங்காநத்தத்தில் ஒரு மெக்கானிக் தம்பி. முதல் பீஸில் பிரேக் லைட் அணையவே இல்லை. கையை விட்டதும் சுவிட்சை அழுத்தி லைட்டை அணைக்க வேண்டிய லிவரின் மூக்கு அதைத் தொடவில்லை. கடையில் முணுமுணுத்துக்கொண்டே வேறு பீஸ் தந்தார்கள். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக் பேடு உரசவில்லை என்று பார்த்த பிறகுதான் தம்பி சாவியைக் கொடுத்தார். "அக்கா, லிவர் ரொம்ப மேலே நிக்குது" என்று போல்ட்டைத் தளர்த்தி, முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக வரும்படி கீழே சாய்த்தும் வைத்தார். பாதி சுகம் அதில்தான், அதற்குக் காசு வாங்கவில்லை. லிவர் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

முன்னாலும் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு இது வீண்செலவு. கேபிளை இழுக்க இரண்டு விரல் பலம் போதாது. வீட்டுக்காரர் வண்டி அப்படித்தான், அதில் நாலு விரலும் போட்டால்தான் நிற்கும்.

படி மாற்றும் திருகின் சிவப்புச் சாயம் மதுரை வெயிலில் இப்போதே வெளுத்துவிட்டது, போகட்டும். ஜோடியாகத்தான் விற்போம் என்று கிளட்ச் லிவரையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். ஒற்றையாகவும் தருகிறார்கள், விடாமல் கேட்கணும்.