குட்டைக் கரையைப் பார்த்துச் சரிசெய்து தரும் சேவை: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

உப்பூருக்கும் திருப்பாலைக்குடிக்கும் இடையில், மழைத்தண்ணீர் தேக்கும் சொந்தக் குட்டை ஒன்று எங்களுக்கு இருக்கிறது. மாமனார் காலத்தில் மூன்று பக்கம் மண் கரை போட்டது. உயரமான இடத்தில் 3 மீட்டர் இருக்கும். மழை ஏமாற்றினால் முண்டு மிளகாய்க்கு இதிலிருந்துதான் இறைக்கிறோம். கரைக்குக் கிழக்கே கடல் பக்கம் மீனவர் வீடுகள் இருக்கின்றன. கரை உடைந்தால் தண்ணீர் முதலில் போவது அங்கேதான்.

இந்த மாதிரிச் சின்னக் கரைகளை அரசாங்கம் வந்து பார்க்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சிலவற்றுக்கும்தான். நம் கரையை நாம்தான் பார்க்க வேண்டும். அப்படித் தேடியபோது கிடைத்தவர் ராமநாதபுரத்தில் இருக்கும் ஒருவர். பொதுப்பணித்துறையில் கண்மாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரையைப் பார்த்துச் சொல்வதற்குத் தனியாக ஒரு கட்டணம், மராமத்து செய்தால் தனிக் கணக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சார் என்றே எழுதுகிறேன்.

அவர் வருவதற்கு முந்தைய வருடம் வேறொரு பொக்லைன் ஒப்பந்தக்காரர் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். கரைமேல் மண்ணைக் கொட்டி, பக்கெட்டால் தட்டிவிட்டுப் போய்விட்டார். பார்க்கக் கரை உயரமாகத் தெரிந்தது. ஐப்பசி மழையில் அந்தப் புது மண் முழுக்க ஓடை ஓடையாக அறுத்துக்கொண்டு இறங்கியது. கூடுதல் தண்ணீர் நிற்கட்டும் என்று, குட்டை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலிங்கில் மணல் மூட்டையும் அடுக்கியிருந்தார்.

சார் வந்ததும் கரைமேல் ஏறவில்லை. வெளிப்பக்கம் கரையடியில்தான் முதலில் நடந்தார். மடைக் குழாய் வெளியே வரும் இடத்தில் தரை ஈரமாக இருந்தது. ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தக் கசிவைப் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். “தெளிவா வந்தா பார்த்துக்கிட்டே இருக்கலாம்மா. கலங்கி வந்தா உள்ள மண்ணு கரைஞ்சு வருதுன்னு அர்த்தம், அன்னைக்கே தண்ணியைக் குறைச்சிடணும்.” எங்களுடையது தெளிவாகத்தான் இருந்தது. அதை வெளியிலிருந்து களிமண் வைத்து அடைத்துவிடலாமா என்று என் கொழுந்தனார் கேட்டார். கூடவே கூடாது என்றார். வெளியே அடைத்தால் தண்ணீர் கரைக்குள்ளேயே தங்கி, கரை ஊறி, சரிந்துவிடுமாம். மண்ணைப் பிடித்து நிறுத்தி, தண்ணீரை மட்டும் வெளியே விட வேண்டும். அதற்காகக் குழாய் வாயைச் சுற்றி முதலில் ஆற்று மணல், அதன்மேல் பொடி ஜல்லி, கடைசியில் பெரிய ஜல்லி என்று போட்டார்கள். இந்த ஒரு விஷயத்துக்கே அவருக்குக் கொடுத்த கட்டணம் தகும்.

அப்புறம் மண். நம் கடலோரத்தில் களர் மண் எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. எங்கள் நிலத்தில் வெவ்வேறு இடத்துக் கட்டிகளை எடுத்து, தம்ளர்களில் சேமித்து வைத்த மழைத்தண்ணீரில் போட்டார். ஒன்று அப்படியே கிடந்தது. தெற்கு மூலைக் கட்டியைச் சுற்றிப் புகை மாதிரி கலங்கல் பரவியது. அந்த மண்ணைக் கரையில் போட்டால் சின்ன வெடிப்பு விட்டாலும் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டே போய்க் குழாய் மாதிரி ஓட்டை போட்டுவிடும். போர் தண்ணீரில் இந்தச் சோதனை செய்யக் கூடாது, அதன் உப்பே களிமண்ணைக் கலங்கவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று என் மகளுக்குப் பொறுமையாக விளக்கினார். தெற்கு மூலை மண்ணை விட்டுவிட்டு வடக்கிலிருந்து எடுத்தோம். அதையும் கரையடியை ஒட்டித் தோண்டவிடாமல், நன்றாகத் தள்ளித்தான் எடுக்கவைத்தார்.

கரைமேல் இருந்த சீமைக்கருவேலத்தை வெறுமனே வெட்டிவிட்டால் போதாது, வேர் உள்ளே மக்கினால் அதுவே தண்ணீருக்கு வழி. தூரோடு எடுத்து, குழியை அரையடிக்கு ஒரு வரிசையாக ஈர மண் போட்டு இடித்து நிரப்பினார்கள். கரை உயர்த்தியதும் அப்படித்தான். ஒவ்வொரு வரிசைக்கும் தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டியபிறகே அடுத்த வரிசை. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

மணல் மூட்டைகளை அன்றே எடுக்கச் சொல்லிவிட்டார். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பிடித்துப் பார்த்தால், மாடுகள் ஏறி இறங்கும் இடத்தில் கரை தாழ்ந்து, மூட்டை உயரத்துக்குச் சமமாகக் கிடந்தது. அதாவது கலிங்கு வழியாக மறுகால் போகும்போதே தண்ணீர் கரைமேலும் ஏறியிருக்கும். மண் கரை அதைத் தாங்காது. நம் மாவட்டத்தில் ஆண்டு மழையே 80 சென்டிமீட்டரைச் சுற்றித்தான். ஆனால் 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி ஒரு நாளை நினைத்துத்தான் கலிங்கை அகலப்படுத்தினோம். தண்ணீர் ஏறக்கூடிய மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் கரை இருக்கும்படி தாழ்ந்த இடத்தையும் ஏற்றினோம்.

குறைகளும் உண்டு. எழுத்தில் ஒன்றும் தரமாட்டார், எல்லாம் வாய்மொழிதான். அவர் சொன்னதை என் மகள்தான் நோட்டில் எழுதி, படமும் வரைந்து வைத்தாள். காசு கொடுக்கிறவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ரோலர் வருவது தள்ளிக்கொண்டே போய், வேலை முடிய ஆவணிக் கடைசி ஆகிவிட்டது. அதனால் கரைச் சரிவில் பதித்த அருகம்புல் பாதி இடத்தில் சரியாகப் பிடிக்கவில்லை, அங்கே மழை லேசாக அறுத்திருக்கிறது. அதற்குத்தான் ஒரு நட்சத்திரம் குறைத்தேன்.

மழை முடிந்தபிறகு சொல்லாமலே ஒருமுறை வந்து பார்த்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. குழாய் வாயில் கசிவு இன்னும் இருக்கிறது, தெளிவாகவே வருகிறது. கார்த்திகையில் கலிங்கு மறுகால் போனது, கரையில் எங்கும் உள்வாங்கவில்லை.

கூப்பிட நினைப்பவர்கள் குட்டை வற்றிக் கிடக்கும் வைகாசி, ஆனியிலேயே கூப்பிடுங்கள். ரோலர் வாடகையை முதலிலேயே தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் ஒரு குடம் பிடித்து வையுங்கள், அவர் கேட்பார்.