"ரூம் இல்லை, பக்கத்தில் எங்கள் இன்னொரு கட்டடம் இருக்கிறது": தனியாகப் பயணம் போகும் பெண்கள் கவனத்துக்கு

இந்த ஏமாற்று வேலைக்கென்று ஒரு நேரம் உண்டு. இரவு 10 மணிக்கு மேல். விமானம் தாமதமாக வந்திருக்கும், புது சிம் இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது, போனில் சார்ஜ் அடிமட்டத்தில் இருக்கும். ரிசப்ஷனில் இருப்பவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "உங்கள் ரூமில் குழாய் உடைந்துவிட்டது, பக்கத்திலேயே எங்கள் இன்னொரு கட்டடம் இருக்கிறது" என்பார். அதற்குள் யாரோ உங்கள் பையைத் தூக்கியிருப்பார்கள். அந்தப் 'பக்கம்' 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். படத்தில் பார்த்த ஜன்னல் இருக்காது, பெண்களுக்கு மட்டும் என்று போட்டிருந்த மாடியும் இருக்காது. காலையில் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நீங்கள் ஒப்புக்கொண்டுதானே வந்தீர்கள்?"

குழாய் நிஜமாகவே உடைந்திருந்தால் நடப்பது வேறு. நேர்மையான இடத்துக்காரர் பகலிலேயே செய்தி அனுப்புவார், அதே தரத்தில் அறை காட்டுவார், போகிற டாக்சிக்கும் அவரே பணம் கொடுப்பார். ஏமாற்றுகிறவர் ஒரே அறையைப் பல புக்கிங் இணையதளங்களில் விற்றிருப்பார். குழுவாக வந்தவர்களுக்கோ அதிக விலை கொடுத்தவருக்கோ அதைக் கொடுத்துவிட்டு, மிஞ்சியவர்களில் யாரை நகர்த்துவது என்று பார்ப்பார். தனியாக வரும் பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் மேலே வந்துவிடும். கூடச் சண்டை போட ஆள் இல்லை, இந்நேரத்தில் தெருவில் இறங்கி வேறு இடம் தேடவும் மாட்டாள் என்ற கணக்கு.

இதைவிட மோசமான வேலை அடுத்து நடக்கும். "ஆப்பில் நீங்களே கேன்சல் செய்துவிடுங்கள், பணம் தானாக வந்துவிடும்" என்பார். அந்தப் பொத்தானை அழுத்தவே கூடாது. நீங்கள் ரத்து செய்தால் அது உங்கள் விருப்பத்தில் நடந்ததாகப் பதிவாகிவிடும். ரத்துக் கட்டணம் உங்கள் தலையில் விழும், தளத்தின் உதவிப் பிரிவுக்கும் கை கட்டிவிடும். அறை தர முடியவில்லை என்றால் ரத்து செய்ய வேண்டியவர் அவர். சில இடங்களில் இன்னொரு தந்திரமும் உண்டு: நீங்கள் எதிரில் நின்றுகொண்டிருக்கும்போதே 'விருந்தினர் வரவில்லை' என்று பதிவு செய்துவிடுவார்கள். இதற்கு ஒரே மருந்து, கவுன்டரில் நின்றபடியே ஆப்பின் உள்ளே இருக்கும் செய்திப் பெட்டியில் எழுதுவது. "இரவு 11.40க்கு உங்கள் ரிசப்ஷனில் நிற்கிறேன், பதிவு செய்த அறை இல்லை என்கிறீர்கள்" என்ற ஒரு வரி போதும். நேரமும் தேதியும் தானாகவே பதிவாகும். கவுன்டரையும் பெயர்ப் பலகையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தளத்தின் உதவி எண்ணை அழையுங்கள். அறை கிடைக்காதவருக்கு மாற்று இடம் பிடித்துத் தரும் ஏற்பாடு பெரிய தளங்களில் இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் தருவார்கள்.

போயே ஆக வேண்டிய நிலை வந்தால், முகவரியை எழுதி வாங்கி நம்பகமான ஒருவருக்கு அனுப்புங்கள். அவர்கள் ஏற்பாடு செய்யும் வண்டி வேண்டாம், ஆப்பில் நீங்களே அழைத்த வண்டியில் போங்கள். அறையைப் பார்த்த பிறகு பை உள்ளே போகட்டும். பாஸ்போர்ட் கைக்கு வராமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். வெளிநாட்டவர் விவரத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் பல நாடுகளில் உண்மையிலேயே உண்டு. ஆனால் அது 5 நிமிட வேலை. நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தால் போதும், இரவு முழுக்க அவர்கள் இழுப்பறையில் வைத்திருக்க வேண்டியதில்லை.

புக்கிங் செய்யும்போதே பாதிப் பிரச்சினையைத் தவிர்க்கலாம். 'பெண்களுக்கு மட்டும்' என்ற முத்திரையை அப்படியே நம்ப வேண்டாம். படுக்கை அறை மட்டும் பெண்களுக்கு, குளியலறை எல்லோருக்கும் பொது என்று இருக்கும். ஆண்கள் குழு வந்தால் அந்த மாடியே கைமாறும். பணம் கட்டும் முன் ஆப்பின் செய்திப் பெட்டியிலேயே கேட்டுவிடுங்கள்: குளியலறை யாருடன் பொது, ரிசப்ஷனில் எத்தனை மணி வரை ஆள் இருப்பார், அறை இல்லாமல் போனால் எந்த முகவரிக்கு மாற்றுவீர்கள்? மூன்றாவது கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் பேசலாம் என்று அழைத்தால் அங்கே போகாதீர்கள். தளத்துக்கு வெளியே நடந்த பேச்சைத் தளம் சாட்சியாக எடுத்துக்கொள்ளத் தயங்கும்.

மதிப்புரைகளில் மொத்த மதிப்பெண்ணைவிட 1 முதல் 3 நட்சத்திரம் வரை உள்ளவற்றை, புதியவை மேலே வரும்படி வரிசைப்படுத்திப் படியுங்கள். 'வேறு கட்டடம்', 'மாற்றினார்கள்', 'படத்தில் உள்ளது இல்லை' போன்ற சொற்கள் இரண்டு மூன்று பேரிடம் வந்தால் அது தற்செயல் அல்ல, அவர்களுடைய வழக்கமே அதுதான். இலவச ரத்துக்கான கெடுவையும் பாருங்கள்: அது பொதுவாகத் தங்குமிடம் இருக்கும் நாட்டின் நேரப்படி முடியும், உங்கள் போன் காட்டும் நேரப்படி அல்ல.

இன்னொரு கண்ணி, பயணத்துக்குச் சில நாட்கள் முன்பு வரும். "உங்கள் கார்டு சரிபார்ப்பு தோல்வி, 12 மணி நேரத்தில் புக்கிங் ரத்தாகும், இந்த லிங்க்கில் உறுதி செய்யுங்கள்." வேடிக்கை என்னவென்றால், இது போலி மின்னஞ்சலாக வராமல், நீங்கள் புக்கிங் செய்த அதே ஆப்பின் செய்திப் பெட்டியிலேயே வரும். உங்கள் பெயர், தேதி, தொகை எல்லாம் சரியாக இருக்கும். காரணம், திருடர்கள் புகுந்தது தங்குமிடத்தின் கணக்குக்குள். அங்குள்ள ஊழியருக்கு நச்சு நிரல் அனுப்பி, கடவுச்சொல்லைப் பிடித்துவிடுவார்கள். அதனால் செய்தி எங்கிருந்து வந்தது என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது, லிங்க் எங்கே கொண்டுபோகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) இடப்பக்கம் கடைசியாக இருக்கும் பகுதிதான் ('பெயர்.com' போன்றது) உண்மையான உரிமையாளர். தெரிந்த நிறுவனத்தின் பெயர் அதற்கு முன்னால் எங்கே ஒட்டியிருந்தாலும் மதிப்பில்லை. லிங்க்கைத் தொடாமல் ஆப்பின் பணம் கட்டும் பக்கத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள். அங்கே பாக்கி எதுவும் காட்டவில்லை என்றால் செய்தி பொய். புக்கிங்குக்கென்று வரம்பு வைத்த மெய்நிகர் கார்டு (கையில் அட்டை இல்லாமல் எண் மட்டும் உள்ள கார்டு) ஒன்றை உங்கள் வங்கி தந்தால் வாங்கி வையுங்கள். எண் திருடு போனாலும் வரம்புக்கு மேல் போகாது.

"அந்த ஹோட்டல் மூடிவிட்டார்கள்" என்று சொல்லும் டாக்சிக்காரர் கதை பழையது, வேறு ஹோட்டல் தரும் கமிஷனுக்காக. இணையம் இல்லாமலே இயங்கும் வரைபடம் போனில் இருந்தால் போதும்.

அறைக்குள் வந்துவிட்டீர்கள். கதவுக்கு அடியில் செருகும் ரப்பர் ஆப்பும், பயணத்துக்கென்று விற்கும் கைப்பூட்டும் உள்பக்கம் திறக்கும் கதவுக்கு மட்டுமே பயன்படும். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் இரண்டும் அலங்காரம்தான். வழவழப்பான டைல்ஸ் தரையில் ஆப்பு சறுக்கும், ஈரத்துணியால் தூசியைத் துடைத்துக் காயவிட்டுச் செருகினால் கொஞ்சம் பிடிக்கும். பக்கத்து அறைக்குப் போகும் உள்கதவு இருந்தால் அதையும் இழுத்துப் பாருங்கள்.

ஒளித்து வைத்த கேமரா குறித்து இணையத்தில் அரைகுறை ஆலோசனைகள் நிறையச் சுற்றுகின்றன. பின்னாலிருந்து பார்க்கக்கூடிய இருவழிக் கண்ணாடியா என்று அறிய, முகம் பார்க்கும் கண்ணாடியில் நகத்தை வைத்து அதற்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நம்பத்தகுந்ததல்ல. பூச்சு முன்பக்கம் இருக்கும் சாதாரணக் கண்ணாடியும் அதே முடிவைத்தான் காட்டும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், பின்னால் இடம் இருந்தால் தெரியும். லென்ஸைத் தேட டார்ச்சைக் கண் மட்டத்தில் வைத்துக்கொண்டு மெல்ல நகருங்கள். படுக்கைக்கு நேரே உள்ள புகை உணரி, கடிகாரம், சார்ஜர், ரௌட்டர் இவற்றில் ஒரு புள்ளி திருப்பி மின்னினால் கிட்டே போய்ப் பாருங்கள். இருட்டில் படம் பிடிக்கும் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்கைப் போனின் முன்கேமரா வெளிர் ஊதாவாகக் காட்டக்கூடும். உங்கள் போன் காட்டுமா என்று முதலில் டிவி ரிமோட்டை அதை நோக்கி அழுத்திச் சோதியுங்கள். அதில் தெரியவில்லை என்றால் இந்த முறை உங்களுக்கு உதவாது. வைஃபையில் இணைந்த கருவிகளைக் காட்டும் செயலியும், மெமரி கார்டில் மட்டும் பதியும் கேமராவைக் காட்டாது. வீடுகளைத் தங்க வாடகைக்குத் தரும் தளமான ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமரா வைப்பதையே தடை செய்திருக்கிறது. முன்கூட்டிச் சொல்லியிருந்தாலும் கூடாது. அங்கே ஒன்றைக் கண்டால் அதைக் கழற்றாமல், இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து, வெளியே வந்து, காவல்துறைக்கும் தளத்துக்கும் சொல்லுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெறுவது பற்றி. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் 'சார்ஜ்பேக்' (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை) கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலான சேவைப் புகார்களுக்கு 120 நாள் கெடு. வங்கி தன் பங்குக்கு இன்னும் குறைவான கெடு வைத்திருக்கலாம், ஆகவே ஊர் திரும்பும் வரை காத்திருக்க வேண்டாம். வங்கி பொதுவாகக் கேட்பது நான்கு: புக்கிங் உறுதிச் சான்று, அறையின் விளம்பரப் படம், கிடைத்த அறையின் படம், நீங்கள் முதலில் இடத்துக்காரரிடம் பணம் கேட்டதற்கும் அவர் மறுத்ததற்கும் எழுத்துச் சான்று. கடைசி ஒன்று இல்லாமல் போகும் புகார்கள் தள்ளுபடி ஆகக்கூடும். ரொக்கமாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கொடுத்த பணத்துக்கு இந்த வழியே கிடையாது. "கார்டு மெஷின் ரிப்பேர்" என்று சொல்வது அதனால்தான்.

மதிப்புரையும் எழுதுங்கள். திட்டி எழுதினால் நீக்கச் சொல்லி விண்ணப்பிப்பார்கள், பல நேரம் நீக்கியும் விடுவார்கள். தேதி, மணி, சொன்ன காரணம், கொண்டுபோன தெரு, எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் எழுதினால் நீக்கக் காரணம் காட்டுவது கடினம். 'வேறு கட்டடம்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், அடுத்து வருகிறவள் அதைத்தான் தேடுவாள்.