கோழி எரு குருணை: ஸ்வீட் கார்னுக்குப் போட்டுப் பார்த்ததில்

மாட்டெருவை மட்டும் நம்பிப் போன தடவை போட்ட ஸ்வீட் கார்ன் இடுப்பளவோடு நின்றுவிட்டது. கீழ் இலைகளில் நுனியில் தொடங்கிய மஞ்சள் நடு நரம்பை ஒட்டியே உள்ளே இறங்கியது, ஓரம் மட்டும் பச்சை. தழைச்சத்துப் (நைட்ரஜன்) பஞ்சம், வேறென்ன. மாட்டெரு மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி அந்தப் போகத்துக்குள் வெளியே வராது, மக்காச்சோளத்துக்கோ அகோரப் பசி.

சரி என்று இந்தத் தடவை கோழி எருவைக் காயவைத்து அழுத்திய குருணை ஒரு மூட்டை வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், திட்டப் போகிறேன். மூட்டையில் 4-3-2 என்று இருக்கிறது, தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்ற வரிசையில், அதாவது 100 கிலோவில் தழைச்சத்து 4 கிலோ. யூரியாவில் 46. அதனால் யூரியா அளவை நினைத்துக்கொண்டு தூவினால் ஒன்றும் ஆகாது.

விதைக்குழியிலேயே ஒரு கைப்பிடி போடச் சொல்லி அச்சடித்திருந்தார்கள். நம்பிப் போட்டேன். அந்த வரிசையில் பாதி முளைக்கவே இல்லை. தோண்டினால் குருணை ஊறி உப்பி விதையோடு ஒட்டிக்கிடக்கிறது, அமோனியா நெடி மூக்கில் ஏறுகிறது. இரண்டு வாரம் முன்பே பாத்தி முழுக்கக் கலந்துவிட்ட பக்கத்து வரிசைகளில் அந்தத் தொல்லையே இல்லை.

உண்மையில் இது மேலுரமாகத்தான் நன்றாக வேலை செய்கிறது. செடி முழங்கால் உயரம் வந்ததும் ஒரு சாண் தள்ளிக் கோடு கிழித்துப் போட்டு, மண் அணைத்து, தண்ணீர் விட்டேன், பத்து நாளில் இலை கரும்பச்சை. ஆண் பூ வரும் முன் இன்னொரு தடவை. மேலோடு தூவிவிட்டால் காய்ந்து கிடக்கும், அப்புறம் நாய் வந்து தின்னும் (தின்றது).

கதிர் நுனி வரை மணி பிடித்தது. அந்தப் பெயர் முழுக்க உரத்துக்குப் போகாது, இந்தத் தடவை ஒற்றை வரிசையை விட்டு நாலு வரிசையாகக் கட்டம் கட்டிப் போட்டதால் காற்றில் மகரந்தமும் ஒழுங்காக விழுந்தது.

குருணை எதற்கு, பச்சைக் கோழிக்கழிவே போதுமே என்பவர்களுக்கு: கிருமி பயத்தால் அமெரிக்க இயற்கை விவசாய விதி அதை அறுவடைக்குக் குறைந்தது 90 நாள் முன்பே போடச் சொல்கிறது, ஸ்வீட் கார்னின் ஆயுளே ஏறக்குறைய அவ்வளவுதான்.

மூட்டை அடியில் கால்வாசி வெறும் தூள், அதுவும் ஒரு குறை. இருந்தாலும் மறுபடி வாங்குவேன். அதே பாத்திக்கு வேண்டாம், வருஷா வருஷம் போட்டால் மணிச்சத்து சேர்ந்துகொண்டே போகும், அங்கே இந்தப் போகம் பயறு.